லாபம், ரெண்டு, மூணு, நாலு

ஏழுமலை அண்ணன் மேடைப் படியில் கால் வைத்ததை நான்தான் முதலில் பார்த்தேன்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மடிப்புக் கலையாத ரோஜா நிறச் சால்வை. செஞ்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஊரில் எந்த மேடை போட்டாலும் அவர் ஒரு சால்வையோடு வந்துவிடுவார்.

மேடையில் நாங்கள் அறுபது பேர் வாசித்துக்கொண்டிருந்தோம். சிம்பொனியின் மெதுவான பகுதி. வயலின்கள் இருப்பதே தெரியாத அளவுக்கு இழைத்துக்கொண்டிருந்தன. பின்வரிசையில், எனக்கு ஓரடி தள்ளி, கையில் இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகளோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தான் மதி. டிவி பார்ப்பவர்களுக்கு அவன் ‘மல்லாட்டை’ மதி.

என்னை விட்டால், அறுபது பேரில் அவன் ஒருவன்தான் சும்மா நிற்பதாக ஏழுமலை அண்ணன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. சும்மா நிற்கிற மனுஷனுக்குச் சால்வை போட்டால் என்ன குறைந்துவிடும்?

அவரை அப்படியே கீழே இறக்கிவிட வேண்டும் போல இருந்தது எனக்கு. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். இத்தனை வாரமாகப் படிப்பவர்களுக்கு என் லட்சணம் பழகியிருக்கும்.

சும்மா நிற்பவள்

புதிதாகப் படிப்பவர்களுக்காக: எனக்குச் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம். பகலில் சென்னையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாரக் கடைசியில் ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் தட்டுகிற, அடிக்கிற சாமான்களுக்கெல்லாம் நான் பொறுப்பு. கல்லூரி என்.சி.சி. பேண்டில் டிரம் அடித்ததில் தொற்றிக்கொண்ட வியாதி இது.

சிம்பொனியில் வயலின்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. எனக்கு ஓய்வுதான் வேலை. நாலு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார். சில இடங்களில் தொண்ணூற்றாறு பார் நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு ஒரே ஒரு அடி. ஜிங்! அத்தோடு போய் உட்கார்ந்துவிடலாம்.

அந்த ஒரு அடி ஒரு பார் முந்தினாலும் பிந்தினாலும் அறுபது பேரின் உழைப்பும் நாசம். அதனால் நாங்கள் எண்ணுவோம். ‘ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலு’ என்று பாருக்கு முதல் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போவோம். பன்னிரண்டு பார் ஆனதும், தட்டின் வாரைப் பிடித்தபடியே ஒரு விரலை மடக்கிவிட்டு மறுபடி ஒண்ணிலிருந்து. எட்டு விரல் மடங்கினால் அடி.

இதை என் நைனாவுக்கு நான் விளக்கியதே இல்லை. அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற மனுஷர்; மூன்று ஏக்கர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தடவை சென்னைக்கு வந்து நான் வாசிப்பதைப் பார்த்தார். குளிர்சாதன அரங்கம், முன்வரிசை, தோளில் துண்டு.

நான் எழுபது பார் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். அரங்கமே ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி இருந்தது.

“பாப்பா! எவ்ளோ நேரம்மா நிப்ப? உக்காரேன், காலு நோவப் போவுது!”

நைனா குரல்தான். வயல் வரப்பில் நின்று கூப்பிடுகிற குரல்.

எண்ணிக்கை போயிற்று. எழுபத்தி மூன்றா, நான்கா? அடிக்க வேண்டிய இடம் வந்தபோது நான் தட்டுகளைப் பிடித்தபடி முழித்துக்கொண்டிருந்தேன். இசை என்னைத் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு நான் அடிக்கவே இல்லை.

வெளியே வந்ததும் நைனா கேட்டார்: “எல்லாரும் இன்னான்னா வாசிக்கறாங்க. உன்ன மட்டும் ஏம்மா நிக்க வச்சிட்டாங்க?” எனக்கு அழுகை முட்டியது. “அது அப்படித்தான் நைனா” என்றேன். அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடவில்லை. அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவருடைய மகள் அவ்வளவு பெரிய கூட்டத்தில் சும்மா நின்றுவிட்டு வருகிறவள் என்பதே அவருக்கு மிஞ்சியது.

அதனால்தான், எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா செஞ்சியில் வாசிக்கப் போகிறது என்று தெரிந்ததும் நான் குதித்தேன். கோட்டை மலை தெரிகிற பள்ளி மைதானத்தில் மேடை. உடனே நைனாவுக்கு போன் போட்டேன். “ஒரே ஒரு அடிதான் நைனா. ஆனா எல்லாத்தயும் விட அதுதான் பெருசு. கவனிச்சிக்கினே இருங்க.”

பறிபோன அடி

செஞ்சியில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மெல்லிசைக் குழு. சீட்டில் பாட்டு எழுதி அனுப்பினால் பாடுவார்கள். யாரும் பாடாத, யாரும் ஆடாத ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எவன் வருவான்? ஏற்பாடு செய்தவர்களுக்கு இந்தக் கவலை வந்தது. மேல்மலையனூர்ப் பக்கத்துப் பையன், டிவியில் பெரிய ஆள், மல்லாட்டை மதியைக் கூப்பிட்டார்கள். முதல் பாதியில் அவன் பேசிச் சிரிக்க வைக்க வேண்டும், இரண்டாம் பாதியில் சிம்பொனி.

மதி ஒரே ஒரு நிபந்தனை போட்டான். இரண்டாம் பாதியில் தனக்கும் ஒரு வாத்தியம் வேண்டும். ஜோக்குக்கு இல்லை, நிஜமாகவே வாசிக்க.

எங்கள் கண்டக்டர் ஜோயல் சார் என்னிடம் வந்தார். சிடுசிடு மனிதர், அன்றைக்கு மட்டும் குழைந்தார். “தேவகி, நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் வயலின் கற்க முடியாது. உங்கள் அடி ஒன்றுதான்...”

“என் ஊர் சார் அது. எங்க நைனா வர்றாரு.”

“நீங்களும் பக்கத்திலேயே இன்னொரு ஜோடித் தட்டோடு நில்லுங்கள். அவர் தவறவிட்டால் நீங்கள் அடித்துவிடுங்கள்.”

ஆக, என் ஊரில், என் அப்பா முன்னால், நான் மறுபடியும் சும்மா நிற்பவள். மதி மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மூஞ்சி பார்க்கிறவன்

ஒத்திகைக்கு மதி சொன்ன நேரத்துக்கு வந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. குறை சொல்ல ஏதாவது வேண்டாமா?

முதல் தடவை இருபதாவது பாரிலேயே அடித்துவிட்டான். ஏன் என்று கேட்டால், “அந்தப் புல்லாங்குழல்காரம்மா நிமிந்து பாத்தாங்க சார்” என்றான். இரண்டாம் தடவை, யாரோ தும்மினதற்கு அடித்தான். ஜோயல் சார் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

இடைவேளையில் டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“டீச்சர், நான் மூஞ்சியப் பாத்து அடிக்கிறவன். ஜனங்க மூஞ்சி எப்ப தயாராவுதோ அப்ப ஜோக்க எறக்குவேன். முப்பது வருஷமா அதான் எனக்குத் தெரியும். இங்க இன்னாடான்னா, யாரையும் பாக்காத, எண்ணுன்றாரு.”

“அவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு? நீங்க வந்து நின்னாலே ஜனம் சிரிக்குமே” என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவனுக்கு அது குத்தலாகப் படவில்லை.

“அதுக்குத்தான் டீச்சர். எங்க அம்மா தவறினப்ப ஊருக்கு வந்தேன். நான் டிவில அழுவேனே பாத்திருக்கீங்களா? மூக்க உறிஞ்சி, கேவிக் கேவி... அது நடிப்பு இல்ல. எனக்கு அழுகையே அப்படித்தான் வரும். அம்மா தலமாட்டுல உக்காந்து அழறேன். கூட்டத்துல ஒருத்தன் சிரிச்சிட்டான். அப்புறம் இன்னொருத்தன். அவங்களச் சொல்லி இன்னா பிரயோஜனம்? நான் பழக்கி வுட்டதுதான்.”

டம்ளரைக் கீழே வைத்தான். “எங்க ஜனம் முன்னால ஒரே ஒரு வேலைய சிரிப்பு இல்லாம முழுசா செஞ்சி முடிக்கணும். அவ்ளோதான் டீச்சர்.”

என் கோபத்தில் முக்கால்வாசி அங்கேயே கரைந்தது. மிச்சம் கால்வாசி கரையவில்லை. அது நைனாவுக்குப் போட்ட போன்.

முதல் மரக்கால்

அடுத்த ஒத்திகையில் அவன் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுவென்று எண்ண ஆரம்பித்தான். எனக்குக் காது கூசியது. ‘லாபம் ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு...’

எங்கள் பக்கத்தில் களத்தில் நெல்லோ மல்லாட்டையோ அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள். அளக்கிறவர் விடாமல் உரக்க எண்ணிக்கொண்டே இருப்பார். அப்போது பக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் அளந்து முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரு நாள், “நைனா, ஆடு நுழைஞ்சிடுச்சி” என்று குறுக்கே பேசிவிட்டு முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். குவித்ததைத் திரும்பக் கொட்டி, லாபத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஆடு பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

“ஒண்ணுன்னே எண்ணுங்களேன்” என்றேன் மதியிடம்.

“வரல டீச்சர். எங்களுக்குக் காணி கெடையாது. எங்க அம்மா அடுத்தவங்க களத்துல தூத்தி வுட்டவ. நான் ஓரமா உக்காந்து இதக் கேட்டுத்தான் எண்ணவே கத்துக்கினேன்.”

எண்ணிக்கை வெளியே கேட்கக் கூடாது என்று ஜோயல் சார் கண்டித்தார். மதி வாய்க்குள்ளேயே எண்ணப் பழகினான். கடைசி மூன்று ஒத்திகையிலும் சரியாக அடித்தான். நான்காவது ஒன்று நடந்திருந்தால் தவறியிருப்பான் என்று என் மனசு சொன்னது. மனசுக்கு அப்படி ஓர் ஆசை, வேறென்ன.

மைதானம்

தை மாதத்து அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆனாலும் மைதானம் நிறைந்துவிட்டது. எல்லாம் மதிக்காக வந்த கூட்டம்.

முதல் பாதியில் அவன் கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு எங்கள் நடுவே புகுந்து ஒவ்வொரு வாத்தியமாக அறிமுகப்படுத்தினான். ஆள் உயர டபுள் பேஸ் முன்னால் நின்று அதை ஏற இறங்கப் பார்த்தான். “ஏம்பா, இதுக்கு டவுன் பஸ்ல அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?” என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ பாட்டுச் சீட்டு அனுப்பினார்கள். அதைப் பிரித்துப் படித்துவிட்டு, “அண்ணே, இது சம்பந்தி வீட்டு விருந்து. வச்சதத்தான் சாப்பிடணும், கேட்டு வாங்கக் கூடாது” என்றான்.

பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு அவன் அருமை தெரிந்தது. ஒரு சிரிப்பு எழுந்தால் அது தணிகிற வரைக்கும் காத்திருந்து, முழுசாக அடங்குவதற்குள் அடுத்ததைப் போடுகிறான். வந்த சிரிப்பு ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. என் வகுப்புப் பையன்கள் ஒழுங்காகக் கணக்குப் போட்டால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

நைனா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். தோளில் அதே துண்டு. என் கையில் தட்டுகளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடிக்கப் போவது நான் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. மதி தட்டுகளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் நிற்பதைப் பார்த்ததற்கே நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் ஐந்து விரல் மடக்கியிருந்தபோதுதான் ஏழுமலை அண்ணன் படியேறினார்.

சால்வை

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேல்மலையனூரில் அன்னதானத்துக்கு அவர் போயாக வேண்டும். கடைசி வரை இருக்க முடியாது. ஊர்ப் பிள்ளைக்கு மரியாதை செய்யாமல் போகவும் மனசு வரவில்லை.

வயலின்காரர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து வந்தார். சால்வையை விரித்து மதியின் தோளில் போட்டார். மதி கழுத்தை மட்டும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தான். தட்டுகள் அசையவில்லை.

“தம்பி, நம்ம ஊருக்கே பெரும தேடித் தந்துட்ட. நல்லா இருக்கியா? அப்பா சௌக்கியமா?”

காதருகே பேசினால் எவனுக்குத்தான் எண்ணிக்கை நிற்கும்? மதி உதட்டை அசைத்து எண்ண ஆரம்பித்தான். வாய்விட்டு.

முதல் பாதியில் ஒட்டிய மைக்கை அவன் கழற்ற மறந்திருந்தான். குரல் வருவதைக் கேட்ட மைக் செட்டுக்காரர், இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

“பன்னெண்டு ரெண்டு மூணு நாலு” என்றது மைதானம் முழுக்க மதியின் குரல்.

கொல்லென்று சிரிப்பு. அன்று மாலையிலேயே அதுதான் பெரிய சிரிப்பு. ஏழுமலை அண்ணன் திகைத்துப் போய், “இன்னா தம்பி?” என்று மறுபடி கேட்க, சிரிப்பு இரண்டு மடங்கானது.

நான் மதியின் முகத்தைப் பார்த்தேன். வந்த சிரிப்பு ஒன்றைக்கூட விடாத மனுஷன். கண்ணை ஒரு சிமிட்டு சிமிட்டியிருந்தால் போதும், செஞ்சியே அவன் காலடியில் கிடந்திருக்கும். அவன் சிமிட்டவில்லை. ஆறாவது விரலை மடக்கினான். கண்ணில் நீர் திரண்டிருந்தது.

“லாபம் ரெண்டு மூணு நாலு...”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் எண்ணிக்கை போய்விட்டது. அவன் தவறினால் அடிக்கத் தயாராக நிற்கிற நான், கணக்கு டீச்சர், எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் நிற்கிறேன்.

இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். தோளிலிருந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

“யோவ் ஏழுமல! அளந்துக்கினு இருக்கறான்யா! குறுக்க பேசாத!”

நைனா. அதே வரப்புக் குரல்.

சிரிப்பு சட்டென்று நின்றது. அந்த மைதானத்தில் இருந்தவர்கள் பாதிப் பேர் களம் கண்டவர்கள். ‘லாபம்’ என்ற சொல் காதில் விழுந்தது. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அம்மாக்கள் அடக்கினார்கள். ஓரத்தில் மல்லாட்டை வறுக்கிற வண்டிக்காரர் சட்டியைத் தட்டுவதை நிறுத்தினார். ஏழுமலை அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நகர்ந்தால்கூடத் தப்பு என்று நினைத்துவிட்டார் போல. அவருடைய பஸ் அன்றைக்குப் போயே போய்விட்டது.

ஜோயல் சார் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் மட்டும் நிதானமாக அசைந்தன. வயலின்களுக்கு மேலே மதியின் குரல் போய்க்கொண்டிருந்தது. ஏழு விரல். எட்டாவதின் லாபம். ஐந்து. ஒன்பது. அத்தனை ஜனமும் அவனோடு அளந்துகொண்டிருந்தது. நானும் அவனைக் கேட்டே எண்ணினேன்.

“பன்னெண்டு ரெண்டு மூணு நாலு.”

ஜோயல் சார் கை இறங்கியது. ரோஜா நிறச் சால்வை பறக்க, மதி அடித்தான்.

அந்த அடியை நான் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். அப்படி ஒரு சத்தம் என் கையிலிருந்து வந்ததில்லை. ராஜகிரிக் கோட்டை மலையில் மோதித் திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் கைகூடத் தட்டவில்லை. நான் என் தட்டுகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். அந்தக் கால்வாசிக் கோபமும் அதோடு போயிற்று.

மேடைக்குப் பின்னால்

எல்லாம் முடிந்த பிறகு மதி லாரிக்குப் பக்கத்தில் சால்வையோடு உட்கார்ந்து அழுதான். மூக்கை உறிஞ்சி, கேவிக் கேவி, டிவியில் அழுவதே மாதிரி. மைக் செட்டுக்காரர், ஏழுமலை அண்ணன், செல்ஃபி எடுக்க வந்த பையன்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பையன்கள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

நைனா வந்தார். மதி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“ஐயா, அளவு சரியா வந்துச்சா?”

“குந்துமணி கொறையில” என்றார் நைனா.

பிறகு லாரியில் ஏற்ற நான் எடுத்து வந்திருந்த தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடிக்கவில்லையே என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

“நீயும் இப்படித்தான் அளந்துக்கினு நிப்பியா பாப்பா? இத்தன வருஷமா?”

“ஆமா நைனா.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அன்னிக்கி மெட்ராஸ்ல நான் உக்காருன்னு கத்துனேனே. அளவு தப்பிடுச்சா?”

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான் சமாளித்திருந்தேன்.

“தப்பிடுச்சி நைனா.”

நைனா என் கையிலிருந்து ஒரு தட்டை வாங்கித் தூக்கி எடை பார்த்தார்.

“மறுபடி எப்ப அளக்கற?”

“அடுத்த மாசம். மெட்ராஸ்லதான்.”

“வரேன்” என்றார். “வாயத் தெறக்க மாட்டேன்.”